இசபெல் வெற்றிலையை விட்ட வருடம்

வெற்றிலையை விட்ட ஒன்பதாம் நாள் காலையில் இசபெல் தன் கணவன் இராயப்பனின் மண்டையை உடைத்தாள்.

அவன் விளையாட்டாகத்தான் செய்தான். அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவளின் மூக்குக்குக் கீழே, சுண்ணாம்பு தடவிப் புகையிலை வைத்து மடித்த வெற்றிலையை ஆட்டிக் காட்டினான்.

"மோந்து மட்டும் பாரு புள்ள. பாவம் ஒண்ணும் வராது."

எட்டு நாளாக அவளுக்குத் தூக்கம் இல்லை. பின்தலை இடித்துக்கொண்டே இருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாய் தானாக ஊறியது. ஊறியதுதான் அவளை வெறியாக்கியது. அடுப்பிலிருந்து ஒரு கட்டையை உருவியதையோ அதை அவன் நெற்றிக்கு மேலே இறக்கியதையோ அவள் யோசித்துச் செய்யவில்லை. இராயப்பன் தண்ணீர்ப் பானைமேல் சரிந்தான். இரத்தம் புருவத்தைத் தாண்டி வழிந்தபோது அவள் கட்டையை மறுபடி ஓங்கியிருந்தாள். தன் கை ஓங்கியிருப்பதைத் தானே பார்த்துப் பயந்து அதைக் கீழே போட்டாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஐந்து தையல் போட்டார்கள். தைத்தது சுலக்ஷனா என்ற நர்ஸ். ஹட்டனிலிருந்து வந்து இரண்டு வருடமாக அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டங்களில் வேலை செய்கிற பெண்.

"எப்படிப் பட்டிச்சு?" என்று கேட்டாள்.

"கூரக் கட்டையில முட்டிக்கிட்டேன் மிஸ்" என்றான் இராயப்பன்.

"பொய். நான்தான் அடிச்சேன்" என்றாள் இசபெல்.

சுலக்ஷனா சிரிக்கவில்லை. தையலை முடித்துவிட்டுத்தான் அவள் பக்கம் திரும்பினாள். "பொகயிலய விட்டா இப்படித்தான் அக்கா கோபம் வரும். மூணு நாலு வாரம் இருக்கும். அதுக்காக ஆள அடிக்கலாமா? கை பரபரன்னு வந்தா எந்திரிச்சு நடங்க. எதையாச்சும் கடிச்சு மெல்லுங்க."

"இவரத்தான் கடிக்கணும்."

"கேரட்டக் கடிங்க" என்றாள் சுலக்ஷனா.

வெற்றிலையை விடச் சொன்னதும் அவள்தான். தை மாதத்தில், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் பல் கிளினிக் வைத்தபோது, கொழுந்து எடுக்கும் பெண்களை வரிசையில் நிறுத்தி ஒரு சிங்கள டாக்டர் டோர்ச் அடித்து வாயைப் பார்த்தார். இசபெலின் இடது கன்னத்தின் உட்புறம் பார்த்ததும் டோர்ச்சை அணைக்காமல் நிறுத்தினார். விரல் நகமளவு வெள்ளைத் திட்டு. சுரண்டிப் பார்த்தார், போகவில்லை. எப்போதிருந்து வெற்றிலை போடுகிறாள் என்று கேட்டார். பதினாலு வயதில் கொழுந்தெடுக்க வந்த முதல் நாள் குளிருக்கும் பசிக்கும் நல்லது என்று அம்மா வாயில் வைத்துவிட்டது. இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று. இடையில் ஒரு நாள்கூட விட்டதில்லை.

பெரியாஸ்பத்திரியில் துண்டு வெட்டிச் சோதித்தார்கள். முடிவு வந்தபோது சுலக்ஷனா லயத்து வரிசை வீட்டுக்கே வந்து சொன்னாள்: "புத்துநோய் இல்ல. ஆனா அங்க இருக்கிற சதை மாறத் தொடங்கிருச்சு. பாக்கு, பொகயிலய விட்டா அப்படியே நிக்கலாம், குறையவும் செய்யலாம். விடலன்னா எனக்குத் தெரியாது."

இசபெலுக்குத் தெரியும். அவளுடைய அப்பா ஐம்பத்தோராவது வயதில் வாய்ப்புற்றில் செத்தார். கடைசி மாதம் கன்னத்தில் ஓட்டை விழுந்திருந்தது. தேத்தண்ணி கொடுத்தால் வாய்க்குள் போனது கன்னம் வழியாகக் கழுத்தில் வடியும். வலி தாங்காமல் அவர் சுவரில் தலையை மோதிக்கொள்வதைத் தடுக்க அவளும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வருடம் சாம்பல் புதன் அன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவள், இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து அடுப்பில் போட்டாள். தவக்கால ஒறுத்தல் என்றுதான் லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள். நாற்பது நாள் கழித்து மறுபடி போடுவாள் என்று காத்திருந்தார்கள்.

இராயப்பனின் தம்பி மிலான் எல்லோரையும்விட ஆவலாகக் காத்திருந்தான். முப்பத்தொரு வயது. அதே லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தான். வெற்றிலை, புகையிலை, மெல்லுகிற பாபுல் பாக்குப் பக்கெட் எல்லாம் அவனிடம்தான் வாங்க வேண்டும். பின்னால் தகரக் கொட்டிலில் கசிப்புச் சாராயமும் காய்ச்சினான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்கு ஏறினால், பத்து மணித் தேத்தண்ணி நேரத்துக்கு ஒரு பையோடு அங்கே வந்து நிற்பான். அவன் கன்னத்திலும் எந்நேரமும் ஒரு பாபுல் உருண்டை இருக்கும்.

பத்து மணிக்கு மற்றவர்கள் வெற்றிலையைப் பிரிக்கும்போது இசபெல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் கையைத் துடைத்துவிட்டு ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தாள். மலை முழுக்கச் சிரித்தது.

"அண்ணிக்குக் கொள்ளும் வாங்கிக் குடுங்கடி, குதிர மாதிரி ஓடுவாங்க" என்றான் மிலான்.

அவள் கூடையைக் கழற்றி வீசினாள். அது அவன் முழங்காலில் பட்டது. கங்காணி ஓடி வந்து நடுவில் நின்றார். அடுத்த நாள் அவளை வேறு நிரைக்கு மாற்றினார். அங்கேயும் அவள் கேரட் கடித்தாள்.

மூன்றாவது வாரம் சுலக்ஷனா மலைக்கே வந்து, மறுபடி எல்லோர் வாயையும் பார்த்தாள். நான்கு பேருக்கு வெள்ளைத் திட்டு. பக்கத்துக் காம்பரா மீனம்மாவுக்கு நாக்கின் ஓரத்தில் சிவப்புத் திட்டு. சிவப்பு இன்னும் மோசம் என்று சுலக்ஷனா சொன்னபோது மீனம்மா தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலையில் மாட்டியிருந்த கொழுந்துக் கூடை கவிழ்ந்தது.

"அக்கா, நீ எப்படி விட்ட?" என்று இசபெலைக் கேட்டாள்.

"அவரு மண்டைய ஒடச்சு விட்டேன். நீ வேற வழி பாரு."

அன்றே மீனம்மா விட்டாள். பிறகு லெட்சுமி. பங்குனி முடிவதற்குள் பதினொரு பேர். ஒருத்திக்கு வெறி வந்தால் மற்றவள் அவளைக் கூட்டிக்கொண்டு நிரையின் கடைசி வரை நடந்துவிட்டு வருவாள். இசபெல் லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி போட்டாள். வல்லாரை, பொன்னாங்காணி, கொஞ்சம் லீக்ஸ். தினமும் ஏதாவது ஒரு கீரை, ஏதாவது ஒரு பழம், மாதத்துக்கு ஒரு தடவை வெளிச்சத்தில் கண்ணாடி வைத்து வாயைத் திறந்து பார்ப்பது என்று சுலக்ஷனா சொன்னதை எல்லாம் அவள் பெரட்டில் போடும் கட்டளை மாதிரி மற்றவர்களிடம் சொன்னாள். முப்பத்தைந்து தாண்டிய ஏழு பேரைக் கர்ப்பப்பைவாய்ச் சோதனைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். வராதவளின் வாசலில் நின்று கத்தினாள். அவளைப் பார்த்து எரிச்சல்பட்டவர்களும் உண்டு.

கோபம் மட்டும் குறையவில்லை. இராயப்பன் மாலையில் தம்பியின் காம்பராவுக்குப் போய்க் கசிப்புக் குடித்துவிட்டு வருவான். வந்தால் சண்டை. அவன் தட்டை எறிவான், அவள் அதை மிதித்து நெளிப்பாள். ஒரு நாள் அவன் அறைந்தான். அவள் திருப்பி அறைந்தாள். இருவரும் மூச்சு வாங்க எதிரெதிரே நின்றபோது, "நீயும் போய் அந்த நர்ஸம்மாகிட்ட வாயக் காட்டு" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. என் வாயில எவளும் டோர்ச் அடிக்கத் தேவையில்ல."

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வாரம், வேலை முடிந்து வந்தபோது பாத்தியை யாரோ மண்வெட்டியால் கொத்திப் புரட்டியிருந்தார்கள். வல்லாரை வேரோடு கிடந்தது. மேலே கோடா ஊற்றியிருந்தது. கசிப்புக் காய்ச்சிய மிச்சம். அந்தப் புளித்த நாற்றம் லயம் முழுக்க அடித்தது. லயத்தில் கோடா இருக்கிற காம்பரா ஒன்றுதான்.

அன்றைக்கே குழாயடியில் மிலான் மீனம்மாவை முடியைப் பிடித்து இழுத்து அறைந்தான். புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தியிடம் பாபுல் வாங்காதே என்று அவள் சொன்னாளாம். மீனம்மாவின் உதடு கிழிந்தது. இசபெல், இராயப்பன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவன் வாசலில் குறுக்கே நின்று அவள் மணிக்கட்டை முறுக்கிக் கத்தியைப் பறித்தான்.

"தம்பி பாவம் புள்ள. அவன் பொழப்பு போவுது, அதான். நான் பேசிக்கிறேன்."

"பேசுங்க. நீங்க பேசலன்னா நான் பேசுவேன்."

அவன் பேசவில்லை. பேசப் போன இடத்தில் குடித்துவிட்டு வந்தான்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் லயத்துக்குத் திரும்பியபோது மதியம் இருக்கும். இந்து வீட்டுப் பெண்களும் பலகாரம் வாங்க வந்திருந்தார்கள். இசபெல் முக்காட்டைக்கூட எடுக்காமல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று மீனம்மாவிடம் கேக் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். மிலான் தட்டோடு வந்தான். கூடவே அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர். தட்டில் வெற்றிலை, பாக்கு, நறுக்கிய புகையிலை, எல்லாம் அழகாக அடுக்கியிருந்தது.

"தவக்காலம் முடிஞ்சிருச்சு அண்ணி. மொத வெத்தல என் கையால."

"நான் ஒறுத்தல் பிடிக்கல தம்பி. விட்டுட்டேன்."

"எல்லாரும் பாக்குறாங்க. ஒண்ணே ஒண்ணு. நீங்க போட்டா இவளுகளும் போடுவாளுக."

"தட்ட எடுத்துக்கிட்டுப் போ."

அவன் சிரித்துக்கொண்டே ஒரு வெற்றிலையை மடித்தான். மறு கையால் அவள் தாடையைப் பிடித்தான். அவள் தலையை ஆட்டி விடுவிப்பதற்குள் கூட்டாளிகள் இரண்டு கையையும் பின்னால் முறுக்கினார்கள். அவன் கட்டைவிரலால் அவள் கன்னத்தைப் பல்லோடு அழுத்தி வாயைத் திறக்கவைத்து, வெற்றிலையை உள்ளே திணித்தான். சுண்ணாம்பு எரிந்தது. இருபத்தொன்பது வருடச் சுவை ஒரு நொடியில் நாக்கில் பரவியது. அவன் விரல் இன்னும் உள்ளேதான் இருந்தது. இசபெல் கடித்தாள்.

எலும்பு தட்டுப்படும்வரை கடித்தாள். மிலான் அலறினான். அவள் விடவில்லை. அவன் மறு கையால் அவள் காதில் குத்தினான், மூக்கில் குத்தினான். மூன்றாவது குத்தில்தான் விட்டாள். வெற்றிலையையும் இரத்தத்தையும் சேர்த்து அவன் முகத்திலேயே துப்பினாள்.

ஒரு கூட்டாளி பொல்லுத் தடியால் அவள் முதுகில் அடித்தான். அவள் இஸ்தோப்பிலிருந்து வாசலில் விழுந்தாள். இராயப்பன் கதவருகே நின்றிருந்தான். காலையிலேயே குடித்திருந்தான். அவன் வாய் திறந்திருந்தது, கால் நகரவில்லை. மீனம்மாதான் முதலில் பாய்ந்தாள். கையிலிருந்த கேக் தட்டால் அந்தக் கூட்டாளியின் முகத்தில் அறைந்தாள். லெட்சுமி மண்வெட்டியோடு கடைசிக் காம்பராவுக்கு ஓடினாள். மற்றப் பெண்கள் அவள் பின்னால் ஓடினார்கள். கோடா பீப்பாய் உடையும் சத்தம் கேட்டது. பிறகு போத்தல்கள். பழுப்புத் தண்ணீர் கான் வாய்க்காலில் ஓடியது. கூட்டாளிகள் அதைப் பார்த்ததும் தேயிலைக்குள் இறங்கி ஓடிவிட்டார்கள்.

மிலான் ஓடவில்லை. அண்ணனின் காம்பராவுக்குள் நுழைந்து, கூரை இடுக்கிலிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டு வெளியே வந்தான். இசபெல் அப்போதுதான் எழுந்து நின்றிருந்தாள். கத்தி அவள் முகத்துக்கு வந்தது. அவள் வலது கையை உயர்த்தினாள். உள்ளங்கையில் குளிர்ந்த ஒரு கோடு விழுந்த மாதிரிதான் இருந்தது. பார்த்தபோது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த இரத்தத்தைப் பார்த்துத்தான் இராயப்பன் அசைந்தான். வாசலில் கிடந்த பொல்லை எடுத்தான். முதல் அடி மிலானின் கத்திக் கையில். எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது அடி வாயில். மூன்றாவது தோளில். மிலான் விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. "என் கண்ணு முன்னாடியே, என் கண்ணு முன்னாடியே" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். கவ்வாத்து வெட்டிப் பழகிய கை. இரண்டு பெண்கள் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள், உதறினான். மிலான் முட்டிபோட்டுத் தலையை மூடிக்கொண்டு, பிறகு அதற்கும் முடியாமல் குப்புறக் கிடந்தான்.

இசபெல் மிலானுக்கும் பொல்லுக்கும் நடுவே விழுந்தாள். ஒரு அடி அவள் இடுப்பில் இறங்கியது.

"போதும்! செத்துருவான்! அவன் செத்தா நீங்க செறைக்குப் போவீங்க!"

அவன் நின்றான். பொல்லைப் பார்த்தான். அதைக் கீழே போடவும் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே அழுதான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக கொழுந்து லொறிதான் கிடைத்தது. நினைவு தெரியாமல் முனகிக்கொண்டு மிலான் ஒரு பக்கம். முக்காட்டால் கையைச் சுற்றிக்கொண்டு இசபெல் எதிர்ப்பக்கம். நடுவில் இராயப்பன். லொறி வளைவுகளில் சாயும்போதெல்லாம் மிலானின் தலை பலகையில் மோதியது. மூன்றாவது வளைவில் இராயப்பன் தன் சட்டையைக் கழற்றி மடித்துத் தம்பியின் தலைக்குக் கீழே வைத்தான். இசபெல் அதைப் பார்த்தாள்.

அவள் விரல்களைத் தைத்தார்கள். விரல் நின்றது, பலம் நிற்கவில்லை. மடக்க முடிகிறது, கிள்ள முடியவில்லை. கொழுந்தெடுக்கிற கைக்கு அந்த இரண்டு விரல்தான் எல்லாம். தோட்டத்தில் அவளைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள்.

மிலானுக்குக் கையும் காறை எலும்பும் முறிந்திருந்தன. முன்பல் மூன்று போயிருந்தன. பல்லைப் பார்க்க வந்த டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். ஒன்றரை விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. அடிபட்ட வீக்கம் என்று நினைத்து ஒரு வாரம் விட்டார்கள். வீக்கம் வடிந்த பிறகும் அவ்வளவுதான். அதைச் சுலக்ஷனாதான் இசபெலிடம் வந்து சொன்னாள்.

"அது அடியால வந்தது இல்ல அக்கா. பாக்காலயும் பாபுலாலயும். கன்னத்துச் சத உள்ளுக்குள்ள தோல் மாதிரி இறுகிப்போச்சு. மூணு வருஷமா இப்படித்தானாம். சோத்துருண்ட போகாதாம். ரொட்டியப் பிச்சிப் பிச்சித்தான் தின்னானாம். யார்கிட்டயும் சொல்லல."

இசபெலுக்கு நினைவு வந்தது. மூன்று வருடமாக அவன் எந்த விசேஷத்திலும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆணவம் என்று நினைத்திருந்தாள்.

"அது புத்தா மாறுமா?"

"மாறலாம். உங்களோடதவிட அவனுக்குத்தான் பயம் கூட. இப்பவாவது விடணும்."

சொந்தக்காரர்கள் வந்தார்கள். குடும்பத்துக்குள் நடந்தது, பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டைத் திரும்ப வாங்கிவிடு என்றார்கள். பையனே நோயாளி என்றார்கள். இசபெல் கட்டுப்போட்ட கையை அவர்கள் முன்னால் வைத்தாள்.

"அவன் நோய்க்கு மருந்து எடுக்கட்டும். நான் வேண்டிக்கிறேன். இதுக்கு அவன் கோட்டுல பதில் சொல்லட்டும். ரெண்டும் வேற."

மிலான் சில வாரம் மறியல் சிறையில் இருந்துவிட்டுப் பிணையில் வந்தான். அளவுக்கு மீறி அடித்ததற்காக இராயப்பன் மேலும் வழக்குப் போட்டார்கள். இரண்டும் இன்னும் முடியவில்லை. இராயப்பன் கசிப்பை விடுவதாகச் சொன்னான். அதன்பின் மூன்று தடவை குடித்தான். மூன்றாவது தடவை தானாகவே டிஸ்பென்சரிக்குப் போய்ச் சுலக்ஷனாவிடம் சொல்லிவிட்டு வந்தான். மிலானின் கொட்டில் போனாலும், அடுத்த தோட்டத்திலிருந்து இன்னொருவன் பையோடு பத்து மணிக்கு வரத் தொடங்கினான். பதினொரு பேரில் இரண்டு பேர் அவனிடம் போனார்கள். ஒன்பது பேர் போகவில்லை.

ஆடி மாதம் கிளினிக் நாள். நுவரெலியா பஸ்ஸில் இசபெலும் மீனம்மாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். மீனம்மாவின் நாக்கிலிருந்த சிவப்புத் திட்டை வெட்டி எடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கொஞ்சம் கொன்னினாலும் பேச்சு ஓயவில்லை. இராயப்பன் துணைக்கு என்று சொல்லிப் பின்னால் ஏறினான். பிணையில் வந்தபின் லயத்துக்குத் திரும்பாத மிலான் டயகம சந்தியில் ஏறினான். கை இன்னும் வளைந்திருந்தது. அண்ணனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இசபெலின் இருக்கையருகே வந்து நின்றான்.

"அண்ணி, நான் விட்டுட்டேன்."

வாய் திறக்காததால் பல்லிடுக்கில் பேசுகிற மாதிரி இருந்தது.

"எத்தன நாளாச்சு?"

"இருபத்தாறு."

"கோபம் வருமே."

"வருது. செவத்தக் குத்துறேன்."

"செவத்தையே குத்து. இனி ஒரு பொம்பளயத் தொட்டா, நான் குறுக்க விழ மாட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். மன்னிப்புக் கேட்பான் என்று மீனம்மா காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. இசபெலும் கேட்கச் சொல்லவில்லை. நுவரெலியா வரை அவன் நின்றுகொண்டே வந்தான்.

டாக்டர் இசபெலின் கன்னத்தை வெகு நேரம் பார்த்தார். திட்டு பாதியாகிவிட்டது என்றார். முழுதாகப் போகவில்லை, மூன்று மாதத்துக்கொரு தடவை வரத்தான் வேண்டும் என்றார். அவள் வெளியே வந்து பையிலிருந்த கேரட்டை எடுத்துக் கடித்தாள். மிலான் வரிசையில் நின்றிருந்தான். வாயைப் பெரிதாக்கும் பயிற்சிக்கென்று டாக்டர் கொடுத்த மரக் குச்சிகளைப் பல்லுக்கு நடுவே ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டு, வலியில் கண்ணில் நீர் வழிய நின்றான். ஏழு குச்சி போயிருந்தது.

இராயப்பன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தான். தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான்.

"புள்ள, அங்க பேரு எப்படிக் குடுக்கணும்?"

அவள் நர்ஸின் ஜன்னலைக் காட்டினாள். கூடப் போகவில்லை. அவன் பெயரைக் கொடுத்து, முறை வந்ததும் உள்ளே போனான். கதவு பாதி திறந்திருந்தது. கவ்வாத்து மலையில் யாருக்கும் பயப்படாத மனிதன் அந்த நாற்காலியில் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தவ டிக்கக், இன்னும் கொஞ்சம் பெரிசா" என்று டாக்டர் சொல்வது இசபெலுக்குக் கேட்டது.